சின்னதாகத் தொடங்குங்கள்: வெப் சர்வீஸ் எழுத பிளாஸ்க் போதும்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். பிரவுசரைத் திறக்கிறோம், முகவரியை டைப் செய்கிறோம், எங்கோ இருக்கும் ஒரு சர்வர் பதில் அனுப்புகிறது. நம் கம்ப்யூட்டர் எப்போதும் கேட்கும் இடத்திலேயே இருக்கிறது. அதே கம்ப்யூட்டர் பதில் சொல்லும் இடத்திலும் உட்கார முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சர்வர் என்றால் குளிரூட்டப்பட்ட அறையில் வரிசையாக நிற்கும் பெரிய மெஷின்கள் என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறோம்.

உலகின் முதல் வெப் சர்வர் ஒரு மேஜைக் கம்ப்யூட்டர்தான். 1990-ம் ஆண்டு ஜெனீவாவுக்கு அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ தன் நெக்ஸ்ட் கம்ப்யூட்டரில் அதை இயக்கினார். யாராவது தெரியாமல் அணைத்துவிடக் கூடாதே என்று, இது சர்வர், அணைக்க வேண்டாம் என்ற பொருளில் சிவப்பு மையால் எழுதி மெஷினிலேயே ஒட்டியிருந்தார்கள். அதே கம்ப்யூட்டரில்தான் அவர் முதல் பிரவுசரையும் எழுதினார். கேட்பதும் பதில் சொல்வதும் ஒரே மெஷினில் நடந்தன. இன்று உங்கள் வீட்டில் இருக்கும் சாதாரண கம்ப்யூட்டர் அதைவிடப் பல மடங்கு வேகமானது.

அப்படியானால் ஒரு வெப் சர்வீஸை எழுதிப் பார்க்க எதிலிருந்து தொடங்குவது? புதியவர்கள் இலகுவான, சிறிய பிரேம்வொர்க்கில்தான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. குறிப்பாக, பைத்தான் மொழியில் உள்ள பிளாஸ்க்கைச் சிபாரிசு செய்கிறேன். அதில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று இரண்டையும் பார்த்துவிடுவோம்.

வெப் சர்வீஸ் என்றால் என்ன?

மொபைலில் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிறீர்கள். அந்த ஆப் ஒரு சர்வரிடம் கேள்வி கேட்கிறது. சர்வர் படமும் வண்ணமும் கொண்ட பக்கத்தை அனுப்புவதில்லை. ஓட்டம் இவ்வளவு, விக்கெட் இவ்வளவு என்று வெறும் தகவலை மட்டும் அனுப்புகிறது. அதை அழகாகக் காட்டுவது ஆப்பின் வேலை. இப்படி ஒரு புரோகிராம் கேட்க, இன்னொரு புரோகிராம் இன்டர்நெட் வழியாகத் தகவல் தருவதைத்தான் வெப் சர்வீஸ் என்கிறோம்.

2000-ங்களின் தொடக்கத்தில் இதை எழுதப் பெரும்பாலும் சோப் என்ற முறையைக் கையாண்டார்கள். ஒரு சிறு கேள்வியைக்கூட எக்ஸ்எம்எல் உறைக்குள் வைத்து, அந்த உறையை விவரிக்க இன்னொரு எக்ஸ்எம்எல் பைல் எழுதி அனுப்ப வேண்டும். 2000-ம் ஆண்டில் ராய் பீல்டிங் தன் முனைவர் பட்ட ஆய்வில் ரெஸ்ட் என்ற கருத்தை விளக்கினார். வெப்புக்கு ஏற்கெனவே இருக்கும் முகவரிகளையும் எச்டிடிபி விதிகளையும் நேராகப் பயன்படுத்தினால் போதும் என்ற எண்ணம் அதன்பின் வேகமாகப் பரவியது. பதில்களும் ஜேசன் என்ற எளிய வடிவத்துக்கு மாறின. இந்த இரண்டும் வந்ததால்தான் வீட்டில் உட்கார்ந்து ஒரு வெப் சர்வீஸ் எழுதுவது இன்று சுலபமாகியிருக்கிறது.

பெரியதில் தொடங்கினால் என்ன?

வேலைக்குப் போக வேண்டும் என்றால் பெரிய பிரேம்வொர்க்கைத்தான் படிக்க வேண்டும், சிறியதெல்லாம் விளையாட்டு என்று சொல்பவர்கள் உண்டு. அதற்காகவே பணம் கட்டிப் பயிற்சியில் சேர்கிறவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் முதல் நாளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

பைத்தானிலேயே ஜாங்கோ என்ற புகழ்பெற்ற பிரேம்வொர்க் இருக்கிறது. அதில் புது புராஜெக்ட் தொடங்கக் கட்டளை கொடுத்ததும் 6 பைல்கள் உருவாகும். அதற்குள் ஒரு அப்ளிகேஷன் தொடங்கினால் இன்னும் 7 பைல்கள். நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. அதற்குள் 13 பைல்கள்! ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. ஜாங்கோ அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் ஜர்னல் வேர்ல்ட் என்ற செய்தித்தாள் அலுவலகத்தில் 2003-ல் உருவாகத் தொடங்கி, 2005-ல் எல்லோருக்கும் வெளியிடப்பட்டது. செய்தியாளர்கள் தாங்களே தகவல்களை ஏற்ற ஒரு நிர்வாகப் பக்கம், லாகின் வசதி, டேட்டாபேஸ் இணைப்பு எல்லாம் அவசரமாகத் தேவைப்பட்ட இடம் அது. அந்த வேலைக்கு அது மிகச் சிறந்த கருவி.

நேற்றுத்தான் பைத்தானில் பெயரை அச்சிடக் கற்றுக்கொண்ட ஒருவருக்கு அந்த 13 பைல்கள் என்ன சொல்லும்? எது பிரேம்வொர்க்கின் வேலை, எது தன் வேலை என்று பிரித்துப் பார்க்க முடியாது. புத்தகத்தில் சொன்னபடி இங்கே ஒரு வரி, அங்கே ஒரு வரி சேர்ப்பார். ஓடினால் ஏன் ஓடியது என்று தெரியாது. நின்றுபோனால் எங்கே பார்ப்பது என்றும் தெரியாது. நாலு நாள் முயன்றுவிட்டு, இது நமக்கு வராது என்று விட்டுவிடுவார். நல்ல ஆர்வத்தோடு வருபவரை அவர் மேலேயே சந்தேகப்பட வைப்பதுதான் இதில் பெரிய நஷ்டம். கட்டிய பணத்தைவிட இது பெரிது.

கேலியில் பிறந்த பிளாஸ்க்

2010-ம் ஆண்டு ஏப்ரல் 1-ம் தேதி, ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஆர்மின் ரோனாகர் ஒரு முட்டாள்தினக் கேலி செய்தார். எல்லாமே ஒரே பைலில் அடங்கிய புதுப் பிரேம்வொர்க் என்று ஒன்றை வெளியிட்டார். சின்னதாக இருந்தாலே போதும் என்று பிரேம்வொர்க்குகள் வந்துகொண்டிருந்த காலம் அது. அதைக் கிண்டல் செய்வதே நோக்கம். பலர் அதை நிஜம் என்றே எடுத்துக்கொண்டார்கள். அந்த வரவேற்பைப் பார்த்து அவர் உண்மையிலேயே ஒன்றை எழுதினார். அதே மாதம் பிளாஸ்க்கின் முதல் பதிப்பு வெளியானது. 2018-ல் 1.0 பதிப்பு வந்தது. இன்று தனி நிறுவனங்கள் முதல் கல்லூரிகள் வரை பலரும் பயன்படுத்தும் இலவசச் சாப்ட்வேராக அது வளர்ந்திருக்கிறது.

பிளாஸ்க்கில் ஒரு சிறு சர்வீஸுக்கு 5 வரிகள் போதும். முதல் வரி பிளாஸ்க்கை உள்ளே அழைக்கிறது. இரண்டாவது வரி ஒரு அப்ளிகேஷனை உருவாக்குகிறது. மூன்றாவது வரி அட் குறியுடன் தொடங்கும். எந்த முகவரிக்கு இந்தப் பதில் என்று அது சொல்கிறது. நான்காவது வரியில் ஃபங்ஷனின் பெயர். ஐந்தாவது வரியில் அனுப்ப வேண்டிய பதில். அவ்வளவுதான். இந்த 5 வரிகளில் எதையும் உங்களால் ஒருவருக்கு வாய்விட்டு விளக்க முடியும். விளக்க முடிகிற புரோகிராமை நீங்கள் திருத்தவும் முடியும்.

தொடங்கும் முறையும் நீளமில்லை. பைத்தானை நிறுவுங்கள். உங்கள் வேலைக்கென்று ஒரு போல்டர் உருவாக்கி, அதற்குள் வெர்ச்சுவல் என்விரான்மென்ட் ஒன்றை அமையுங்கள். இப்படிச் செய்தால் இந்தப் பயிற்சிக்காக நிறுவும் பேக்கேஜ்கள் கம்ப்யூட்டரின் மற்ற பைத்தான் வேலைகளோடு கலக்காது. பிறகு பிப் மூலம் பிளாஸ்க்கை நிறுவி, 5 வரிகளை ஒரு பைலில் எழுதிச் சேமித்து, இயக்கும் கட்டளையைக் கொடுத்து என்டர் தட்டுங்கள். பிரவுசரில் 127.0.0.1:5000 என்று டைப் செய்தால் உங்கள் சர்வர் பதில் சொல்லும். 127.0.0.1 என்பது எந்தக் கம்ப்யூட்டரும் தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் முகவரி. 5000 என்பது பிளாஸ்க் காத்திருக்கும் போர்ட் எண். ஆப்பிள் மேக் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: 2021-ல் வந்த மாண்டரே பதிப்பு முதல் ஏர்பிளே ரிசீவரும் இதே 5000-ஐப் பயன்படுத்துகிறது. தகராறு வந்தால் 5001 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

பால் கணக்கு

வெறும் வணக்கம் சொல்லும் சர்வீஸோடு நிறுத்த வேண்டாம். வீட்டுக்குப் பயன்படும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தினமும் எத்தனை அரை லிட்டர் பாக்கெட் வாங்கினோம் என்ற கணக்கு. பிளாஸ்க்கில் முகவரியைத் தமிழிலேயே வைக்கலாம். பிரவுசரில் 127.0.0.1:5000/பால் என்று டைப் செய்தால், பாக்கெட் 42, லிட்டர் 21 என்று பதில் வரும்படி செய்யலாம். பைத்தான் 3-ல் ஃபங்ஷனுக்குப் பால் என்று தமிழிலேயே பெயர் வைக்கவும் முடியும். பதிலைப் பைத்தான் டிக்ஷனரியாகத் திருப்பித் தந்தால், பிளாஸ்க் அதைத் தானாகவே ஜேசனாக மாற்றி அனுப்பும்.

இங்கே தமிழ் எழுதுபவர்களுக்கு ஒரு சிறு அதிர்ச்சி காத்திருக்கிறது. சில பிரவுசர்களில் தமிழ் எழுத்துக்குப் பதிலாகச் சாய்வுக் கோடும் எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த குறிகள் தெரியும். எழுத்துரு கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். பிளாஸ்க் இயல்பாக ஜேசனில் ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை அவற்றின் யூனிகோட் எண்களாக எழுதுகிறது. படிக்கும் புரோகிராம் அதைச் சரியான தமிழாகவே எடுத்துக்கொள்ளும். கண்ணுக்கும் தமிழாகத் தெரிய வேண்டும் என்றால், ஆஸ்கிக்குள் மட்டும் எழுது என்ற அந்தச் செட்டிங்கை அணைக்க ஒரே வரி போதும்.

சர்வரை இயக்கிய கருப்பு விண்டோவைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி விழும்: நேரம், என்ன வகைக் கேள்வி, எந்த முகவரி, கடைசியில் ஒரு எண். 200 என்றால் சரியாகப் பதில் போனது. 404 என்றால் அப்படி ஒரு முகவரி இல்லை. 500 என்றால் உங்கள் புரோகிராமில் பிழை. நீங்கள் கேட்காத ஒரு ஐகானுக்காகவும் 404 விழுந்திருக்கும். பிரவுசர் டேபில் காட்டும் சின்னப் படத்தைப் பிரவுசர் தானாகவே தேடிப் பார்க்கிறது, அதனால் வந்தது. இந்தக் கருப்பு விண்டோ கற்றுத்தருவதை எந்தப் புத்தகமும் இவ்வளவு சீக்கிரம் கற்றுத்தராது.

அடுத்தது, கணக்கில் ஒரு பாக்கெட்டைச் சேர்ப்பது. இங்கேதான் கெட், போஸ்ட் என்ற இரண்டு வகைக் கேள்விகளின் வித்தியாசம் புரியும். கெட் என்றால் தகவலைக் காட்டு என்று கேட்பது. அதனால் எதுவும் மாறக் கூடாது. போஸ்ட் என்றால் ஒன்றைச் சேர், மாற்று என்று சொல்வது. சோம்பேறித்தனமாகக் கெட் மூலமே பாக்கெட்டைச் சேர்க்க எழுதினால், பக்கத்தை ரிப்ரெஷ் செய்யும் ஒவ்வொரு முறையும் ஒரு பாக்கெட் கூடும். மாதக் கடைசியில் பால்காரரோடு சண்டை வரும்!

பெரிய தளங்களும் இதில் அடி வாங்கியிருக்கின்றன. 2005 மே மாதம் கூகுள், வெப் ஆக்சிலரேட்டர் என்ற சாப்ட்வேரை வெளியிட்டது. வேகத்துக்காக அது பக்கத்தில் உள்ள லிங்க்குகளை முன்கூட்டியே திறந்து வைக்கும். பேஸ்கேம்ப் போன்ற தளங்களில் அழிக்கும் கட்டளையும் சாதாரண லிங்க்காகவே இருந்தது. விளைவு, பயனாளர்கள் தொடாமலே அவர்களின் தகவல்கள் அழிந்தன. கெட், போஸ்ட் விதியைப் பால் கணக்கில் ஒருமுறை புரிந்துகொண்டால் பிறகு மறக்காது.

புரோகிராமை நிறுத்தினால் கணக்கு காணாமல் போகிறதா? மெமரியில் மட்டும் வைத்திருந்தால் அப்படித்தான் ஆகும். பைத்தானோடு சேர்ந்தே வரும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் எழுதி வையுங்கள். கவனியுங்கள், டேட்டாபேஸ் எதற்கு என்று யாரும் பாடம் நடத்தாமலே நமக்குத் தேவை தெரிந்துவிட்டது. சிறிய பிரேம்வொர்க்கில் தொடங்குவதன் லாபம் இதுதான். ஒவ்வொரு கருவியும் அதன் தேவை வந்த பிறகு வருகிறது.

இலகு என்பதற்கு ஒரு விலை உண்டு

இனி மறுபக்கம். பிளாஸ்க்கில் லாகின் வசதி உள்ளமைப்பாக இல்லை. நிர்வாகப் பக்கம் இல்லை. படிவங்களை வேறு தளங்கள் திருட்டுத்தனமாக அனுப்புவதைத் தடுக்கும் பாதுகாப்பு ஜாங்கோவில் முதலிலிருந்தே இருக்கிறது. பிளாஸ்க்கில் நாம்தான் சேர்க்க வேண்டும். பெரிய பிரேம்வொர்க் உங்களுக்காகப் பூட்டிய கதவுகளை இங்கே நீங்களே பூட்ட வேண்டும்.

மூன்று விஷயங்களை மறக்காதீர்கள்.

முதலாவது, சாதாரணமாக இயக்கினால் உங்கள் சர்வருக்கு உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து மட்டுமே கேள்வி வர முடியும். வீட்டில் உள்ள போன்களிலிருந்தும் பால் கணக்கைப் பார்க்க வேண்டும் என்றால் 0.0.0.0 என்ற முகவரியில் இயக்குவார்கள். அப்போது அதே வைஃபையில் இருக்கும் யாரும் அணுகலாம். வீட்டில் பரவாயில்லை. கடை, விடுதி போன்ற பொது இடங்களில் இப்படி இயக்கவே கூடாது.

இரண்டாவது, டீபக் மோட். பிழை வந்தால் எந்த வரியில் வந்தது என்று பிரவுசரிலேயே காட்டும் அருமையான வசதி. அங்கேயே பைத்தான் கட்டளைகளை இயக்கியும் பார்க்கலாம். உங்களுக்கு இயங்குவது மற்றவருக்கும் இயங்கும் என்பதுதான் ஆபத்து. 2015 செப்டம்பரில் பேட்ரியான் தளத்தின் தகவல்கள் திருடுபோயின. தளத்தின் டீபக் பதிப்பு ஒன்று வெளியே தெரியும்படி இருந்ததே வழி என்று அந்த நிறுவனமே அறிவித்தது. இப்போதைய பதிப்புகள் கட்டளை இயக்கும் முன் ஒரு பின் நம்பர் கேட்கின்றன. அதை நம்பியும் வெளியே திறந்து வைக்க வேண்டாம்.

மூன்றாவது, பிளாஸ்க்கோடு வரும் சர்வர் பயிற்சிக்கு மட்டுமே. இயக்கும்போதே அது எச்சரிக்கை காட்டும். உண்மையான பயன்பாட்டுக்குக் குனிகார்ன், வெயிட்ரஸ் போன்ற சர்வர்கள் இருக்கின்றன. விண்டோஸில் வெயிட்ரஸ் இயங்கும்.

பொதுவாக இப்படி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுத் தகவல், உங்கள் வீட்டு நெட்வொர்க் என்றால் தைரியமாக விளையாடுங்கள். மற்றவர்களின் போன் நம்பரோ பணமோ பாஸ்வேர்டோ உள்ளே வரும் நாளில், அனுபவமுள்ள ஒருவரைக் கேளுங்கள் அல்லது பாதுகாப்பு உள்ளமைந்த பெரிய பிரேம்வொர்க்குக்கு மாறுங்கள். பால் கணக்கு எழுதியவருக்கு ஜாங்கோவின் 13 பைல்கள் அந்நியமாகத் தெரியாது. இது முகவரிப் பட்டியல், இது செட்டிங்ஸ், இது டேட்டாபேஸ் வடிவம் என்று தானே அடையாளம் கண்டுகொள்வார்.

ஏஐ எழுதித் தருகிறதே?

இப்போது சாட்பாட்டிடம் கேட்டால் முழுப் புரோகிராமையும் சில நொடிகளில் தந்துவிடுகிறது, பிறகு ஏன் கற்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தந்ததைச் சரிபார்ப்பது யார்? கெட் மூலம் அழிக்கும் கட்டளையோ, டீபக் மோட் அணைக்கப்படாத வரியோ அதில் இருந்தால் உங்களுக்குத்தான் நஷ்டம். பிளாஸ்க்கில் எழுதப்பட்ட ஒரு சிறு சர்வீஸ் ஒரே பக்கத்தில் அடங்கும். மேலிருந்து கீழே படித்து, புரியாத வரியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பல போல்டர்களில் பரவிய புரோகிராமைப் புதியவர் அப்படிப் படிக்க முடியாது. நம்பித்தான் ஆக வேண்டும்.

பிளாஸ்க்தான் ஒரே வழி என்று நான் சொல்லவில்லை. 2009-ல் வந்த பாட்டில் பிரேம்வொர்க் இன்னும் சிறியது. முழுவதும் ஒரே பைல். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர்களுக்கு எக்ஸ்பிரஸ், பிஎச்பி தெரிந்தவர்களுக்கு ஸ்லிம், ரூபிக்கு 2007-ல் வந்த சினாட்ரா என்று ஒவ்வொரு மொழியிலும் இப்படி ஒன்று உண்டு. 2018-ல் வந்த ஃபாஸ்ட்ஏபிஐ, நீங்கள் எழுதிய சர்வீஸுக்கான விளக்கப் பக்கத்தையும் தானே தயாரித்துத் தரும். பிளாஸ்க்குக்கு அடுத்த படியாக அதைப் பார்க்கலாம். உங்களுக்குத் தெரிந்த மொழியில் உள்ள சிறியதை எடுங்கள். எந்த மொழியும் தெரியாது என்றால் பைத்தானும் பிளாஸ்க்கும் நல்ல ஜோடி.

இதற்குப் புதுக் கம்ப்யூட்டர் தேவையில்லை, பயிற்சிக் கட்டணம் தேவையில்லை. நிறுவி முடித்த பிறகு இன்டர்நெட் இணைப்புகூடத் தேவையில்லை. முதல் வாரத்தில் 5 வரிகளை இயக்கிப் பாருங்கள். அடுத்த வாரம் கெட், போஸ்ட் இரண்டையும் எழுதுங்கள். மூன்றாவது வாரம் எஸ்க்யூலைட்டில் சேமியுங்கள். பிறகு பெரிய பிரேம்வொர்க் வேண்டுமா, அதற்குப் பணம் கட்டிப் படிக்க வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். அப்போது உங்களுக்கு என்ன தேவை என்று தெரிந்திருக்கும்; பயிற்சி நிலையத்தில் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும்.